ஏழாம் நம்பர் லேப்டாப்

ராஜபாளையத்தில் அந்தக் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. “யாருக்குக்கா லேப்டாப்பு, மகனுக்கா?” என்றார். எனக்கு மகனே கிடையாது. இருப்பது ஒரு மகள், அவளும் என் தோளை உரசிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். இவளுக்குத்தான் என்றேன். மேல்தட்டிலிருந்து எடுக்கப் போன பெட்டியை அவர் அப்படியே உள்ளே தள்ளிவிட்டுக் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து வேறொன்றை எடுத்தார்.

“பொம்பளப் புள்ளைக்குத்தான, இது போதும்க்கா. எதுக்கு வீணா அம்புட்டுத் துட்டு?”

உச்சந்தலை வரை சூடேறியது எனக்கு. என் மகள் சிவில் டிப்ளமோ முடித்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, வீடு கட்டிக்கொடுக்கும் இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். கட்டப்போகும் வீடு முடிந்தபின் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே வரைந்து காட்டும் வேலை அவரிடம் இருந்தது. சொந்த லேப்டாப் கொண்டுவந்தால் ஆறு மாதம் பார்க்கிறேன், சரியாக வந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார். அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. எங்கள் ஊரில் டிப்ளமோ முடித்த எத்தனையோ பெண்கள் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவளையும் அங்கே நிறுத்திவிடக்கூடாது என்றுதான் இரண்டு வருட போனஸைத் தொடாமல் வைத்திருந்தேன். இந்த மனுஷர் கீழ்த்தட்டைக் காட்டுகிறார்.

“மேலே வெச்சீங்கள்ல, அது என்ன?” என்றேன்.

அது ஏழாம் நம்பர் பிராசஸராம். கீழே இருப்பது ஐந்தாம் நம்பர். மற்றதெல்லாம் இரண்டிலும் ஒன்றுதான், விலை மட்டும் பதினேழாயிரம் கூட.

நான் பேண்டேஜ் கம்பெனியில் பதினெட்டு வருடமாகத் துணி செக்கிங்கில் நிற்கிறேன். எனக்கு நம்பர் என்றால் நூல் நம்பர்தான். நாற்பதாம் நம்பரைவிட அறுபதாம் நம்பர் சன்னம், விலையும் கூட. ஐந்தைவிட ஏழு உசத்தி என்று புத்தி அந்த நொடியே முடிவுகட்டிவிட்டது. மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, ஏழு வேணாம்மா. செத்த நான் சொல்லுதத கேளுங்க.”

“நீ சும்மா இருட்டி. ஒனக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன், கடையில் எல்லாரும் கேட்கும்படி. அவளுக்குப் பரிந்துகொண்டு பேசுவதாகத்தான் நினைப்பு எனக்கு. பதினேழாயிரத்தையும் சேர்த்து எண்ணி மேஜையில் வைத்தபோது கடைக்காரர் முகத்தைப் பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் வைத்தேன் என்று இப்போது சொல்வதற்கென்ன. அவர் பாட்டுக்கு பில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெட்டியோடு கொண்டுபோய்ப் போதகரிடம் கொடுத்து ஜெபம் பண்ணி வாங்கினோம். எங்கள் சபையில் பைக்கு வாங்கினாலும் அப்படித்தான், கிரைண்டர் வாங்கினாலும் அப்படித்தான். வாசலில் நின்ற பெண்களிடம் ஏழாம் நம்பர், ஏழாம் நம்பர் என்று நான் நாலு தடவையாவது சொல்லியிருப்பேன். அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் பின்னால் ஒதுங்கி நின்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

முதல் மாதம் சின்னச் சின்ன வரைபடங்கள், ஓடியது. இரண்டாவது மாதம் மாடி வீடு ஒன்று வந்தது. சுவர், ஜன்னல், டைல்ஸ், வெயில் விழுகிற பக்கம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் திரை அப்படியே உறைந்துவிடும். அணைத்துப் போடுவாள், திரும்பவும் உறையும். அறை அறையாகப் பிய்த்து வரைந்து, கடைசியில் ஒட்டிக் கொடுத்துப் பார்த்தாள். சொன்ன நாளில் கொடுக்க முடியவில்லை. ஒருதடவை இல்லை, மூன்று தடவை.

கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றே முடிவுகட்டினேன். அரைநாள் லீவு போட்டுவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்தில் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் போனேன். கடைக்காரரை என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று பஸ் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ரிப்பேர்காரர் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார்.

“மெஷின்ல ஒரு குத்தமும் இல்லக்கா. பிராசஸரு நல்லா பெருசு. மெமரிதான் எட்டு ஜிபி. இவிய பாக்குற வேலைக்குப் பதினாறு வேணும். இதுல போர்டோடயே சேத்து ஒட்டியிருக்கான், கூட்டவும் முடியாது. அஞ்சாம் நம்பர வாங்கி, மெமரியக் கூட்டி வாங்கியிருந்தா இதவிடக் கம்மில முடிஞ்சிருக்கும். வாங்கும்போது யாரும் பாக்கலையா?”

நான் வாயைத் திறக்குமுன் மகள் சொன்னாள். “பாத்தோம்ணே. எனக்குத்தான் சரியாத் தெரியல.”

திரும்பும்போது பஸ்ஸில் சில்லறைக்காகப் பர்ஸைத் துழாவியபோது ஒரு காகிதம் கையில் தட்டுப்பட்டது. தினசரி காலண்டரில் கிழித்த தாள். லேப்டாப் வாங்கக் கிளம்பிய அன்று காலை அவள் எழுதிக் கொடுத்தது. பஸ்ஸில் படிக்கலாம் என்று மடித்து வைத்த நான் பிரிக்கவே இல்லை. அதன் பின்பக்கத்தில் அவள் கையெழுத்தில் இருந்தது: பிராசஸர் ஐந்து போதும். மெமரி பதினாறு கட்டாயம். கடையில் இல்லையென்றால் சொல்லிவைத்து வாங்கலாம், ஒரு வாரம் ஆகும்.

பக்கத்தில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்னையே நாலு அறை அறையவேண்டும் போல இருந்தது. நான் பார்க்கிற வேலை என்ன? பூதக்கண்ணாடி வைத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணுவது. அறுபதாம் நம்பர் நூல் போட்டதால் பேண்டேஜ் நல்ல பேண்டேஜ் ஆகிவிடாது, ரத்தத்தை உறிஞ்சவேண்டும் என்று புதிதாக வருகிற பெண்களிடம் வாய் வலிக்கச் சொல்கிறவள் நான். பொம்பளப் பிள்ளைக்கு இது போதும் என்று ஒருவர் சொன்னதற்கு அத்தனை கொதித்தேனே, உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னது யார்? அந்த ஆளாவது அவளை முன்பின் பார்த்ததில்லை.

அந்த வாரமே இன்ஜினியர் மாடி வீட்டை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார். மெஷினைச் சரிபண்ணிக்கொண்டு பத்து நாளுக்குள் வா, அதற்குமேல் காத்திருக்கமுடியாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். கையில் கிடந்த வளையலை அடகு வைத்தேன். வேறு கடைக்குப் போயிருக்கலாம். வேண்டுமென்றே அதே கடைக்குத்தான் போனேன். பழையதுக்குப் பாதி விலைதான் போடுவேன் என்றார், ஒத்துக்கொண்டேன்.

“இந்தத் தடவ என்ன பாக்குறீங்கக்கா?” என்று என்னையே பார்த்துக் கேட்டார்.

“அவகிட்ட கேளுங்க.”

அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். “எதுன்னாலும் சரிம்மா, நீங்களே பாருங்க” என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். காய்கறிக் கடையில் கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். பர்ஸிலிருந்து காலண்டர் தாளை எடுத்து அவள் முன்னால் மேஜையில் விரித்து வைத்தேன். மடித்த இடத்தில் கிழியப் பார்த்தது. அவள் குனிந்து அதைப் படித்தாள். கடைக்காரர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். “பொறுங்க” என்றேன்.

பிறகு அவள் அவரிடம் பேனா கேட்டு வாங்கினாள். பதினாறு என்றிருந்ததை அடித்துவிட்டு முப்பத்திரண்டு என்று எழுதினாள்.

விலை எம்புட்டு ஏறும், எதற்கு இரண்டு மடங்கு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் தாளைக் கடைக்காரர் பக்கம் தள்ளி, ஒவ்வொரு வரியாகச் சொல்லத் தொடங்கினாள்.