கிணற்றுச் சுவரில் இருந்தது பாசியல்ல

மனோன்மணி ரீச்சர் காலமான செய்தி வந்தபோது நான் முற்றத்தில் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அரியாலையிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் அழைத்தார்.

"ரீச்சர், அக்கா விடியப்புறம் போட்டா. நித்திரையிலையே போட்டா. ஒரு கரைச்சலும் படேல்லை."

நித்திரையிலேயே. எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, எரிச்சல். சாவைக்கூட நல்லதாகப் பார்த்து எனக்கு முன்னமே எடுத்துக்கொண்டுவிட்டாரே என்றுதான் நினைத்தேன். அழுகை பிறகு, தண்ணீர்க் குழாயைப் பூட்டப் போகும்போது வந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டதும் தம்பிதான். "அக்காவைப் பற்றி எழுத உங்களை விட்டா வேறை ஆர் இருக்கினம்?" என்றார். "ஓம், எழுதித் தாறன்" என்று சொல்லிவிட்டேன். நினைவு மலர்களில் எல்லாரும் பத்தரைமாற்றுத் தங்கங்கள். மணி ரீச்சர் உண்மையிலேயே தங்கம். அதுதான் எனக்குப் பிரச்சினை. இருபத்தெட்டு வருடம் பக்கத்து மேசையில் இருந்துகொண்டு அவர்மேல் பொறாமைப்பட்டேன். அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

கொக்குவிலில் ஒரு பெண்கள் பாடசாலையில் நாங்கள் இருவரும் ஒரே கிழமையில் சேர்ந்தோம். உயர்தர வகுப்புக்கு உயிரியல். ஒரு பிரிவு அவருக்கு, மற்றது எனக்கு. கையெழுத்தில் நான் திறம். படம் கீறுவதிலும் நான்தான் திறம். தாவரங்கள் தண்ணீரை விட்டுத் தரைக்கு ஏறி வந்த கதையை, பாசியில் தொடங்கிப் பூமரம் வரை, ஐந்து நிறச் சோக்கில் கரும்பலகை நிறையக் கீறுவேன். பரீட்சை முடிவுகளிலும் என் பிரிவு ஒருநாளும் பின்னுக்கு நின்றதில்லை. ஆனாலும் பழைய மாணவிகள் பிள்ளைகுட்டியோடு வந்தால் வாசலிலேயே கேட்பது, "மணி ரீச்சர் எங்கை?" என்றுதான்.

மணி ரீச்சர் கரும்பலகையில் நாலு கோடு கிறுக்குவார். பிறகு, "வாங்கோ பிள்ளையள், வெளியிலை போவம்" என்பார். முருங்கைப் பூவைப் பிய்த்துக் காட்டுவார். வேலிக்கு மேலால் ஆண் பனை எது, பெண் பனை எது என்று காட்டுவார். என் வகுப்புப் பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

இனி ஒரு பன்னத்தின் கதைக்கு வருகிறேன். பன்னம் என்பது பூவும் காயும் இல்லாத பெரணிச் செடி. பன்னத்து இலையின் அடியிலுள்ள பழுப்புப் பொட்டுகளில், விதைக்குப் பதிலாக, தூள்போல வித்திகள் இருக்கும். வித்தி விழுந்து முளைத்தால் பன்னம் வராது. நகத்தளவில், வெற்றிலை வடிவத்தில், ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு வேறொரு செடி வரும். அதைப் புணரித்தாவரம் என்போம். ஆணணுவும் பெண்ணணுவும் உண்டாவது அதில்தான். அதன்மேல் தண்ணீர் நின்றால் ஆணணு நீந்திப் போய்ப் பெண்ணணுவைச் சேரும். சேர்ந்தால்தான் அடுத்த பன்னம். இதை நான் வருடா வருடம் கீறினேன். ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் வெயிலிலும் அதை எங்கே போய்த் தேடுவது?

மணி ரீச்சர் பாடசாலைக் கிணற்றில் கண்டுபிடித்தார். உள்சுவரின் செங்கல் வெடிப்புகளில் பன்னங்கள் இருந்தன. தடியில் கரண்டியைக் கட்டிச் சுரண்டி எடுத்து, தட்டத்தில் வைத்து, நேரே என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

"சரோ, இஞ்சை பாரும். நீர் கீறுற சாமான். லென்ஸை வைச்சுப் பாரும்."

பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனாலும் "எனக்கு வேலை இருக்கு, நீர் கொண்டுபோம்" என்றேன்.

அடுத்த நாள் என் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், மற்றப் பிரிவுக்குக் காட்டினதை எங்களுக்கும் காட்டுவியளோ?" என்று கேட்டாள்.

"அது வெறும் பாசி. ஆரோ பிழையாச் சொல்லிப்போட்டினம்" என்றேன். பிள்ளைகள் நம்பினார்கள். நான் ஒருநாளும் பிழை விடுவதில்லை என்று பெயர் எடுத்திருந்தேன்.

அந்த ஆவணி விடுமுறையில் பாடசாலைக் கிணறு இறைத்தார்கள். பக்கத்தில் குடியிருந்தபடியால் மேற்பார்வை என் தலையில் விழுந்தது. சேற்றை அள்ளினால் போதும் என்றுதான் அதிபர் சொல்லியிருந்தார். இறங்கியவர்களிடம் நான், "சுவரையும் சுரண்டுங்கோ. வெடிச்ச கல்லைக் கழட்டி மாத்துங்கோ. ஒரு பச்சையும் இருக்கக்கூடாது" என்றேன். பொழுதுபடும்வரை கிட்ட நின்று பார்த்தேன்.

பாடசாலை தொடங்கியதும் மணி ரீச்சர் கிணற்றடிக்குப் போனார். கிணற்றுக் கட்டின்மேல் கையூன்றிக் குனிந்து கனநேரம் நின்றார். பிறகு ஆசிரியர் அறைக்கு வந்து, "கிணறு நல்லாத் துப்பரவாக்கியிருக்கினம்" என்றார்.

"ஓம், அதிபர் செய்விச்சவர்" என்றேன்.

அவர் வழமைபோலச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து தோசையில் பாதியை என் பக்கம் தள்ளினார். அரியாலையில் அவர் வீட்டுக் கிணறு உவர்த் தண்ணீர். அங்கே கொண்டுபோய் வளர்த்தாலும் பன்னம் நில்லாது என்பது எனக்குத் தெரியும். அடுத்த வருடம் இரண்டு பிரிவும் என் படத்தைப் பார்த்துத்தான் படித்தது. வென்றுவிட்டேன். ஆனால் அன்று அந்தத் தோசையை நான் தின்னவில்லை.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து படிப்பித்த காலம் முழுவதும் எனக்கு இதுதான் யோசனை. ஓய்வுபெற்ற பிறகும் அது போகவில்லை. கேட்க வாய் வரவில்லை.

செத்தவீட்டன்று, பிரேதம் போனபின், நான் அவருடைய குசினியைக் கழுவிக்கொண்டு நின்றேன். யன்னலில் ஒரு தட்டம். அதில் ஒரு துண்டுச் செங்கல். அதன்மேல் கவிழ்த்த கண்ணாடிப் போத்தல். சுடலையிலிருந்து திரும்பிய தம்பி நான் அதைப் பார்ப்பதைக் கண்டார்.

"உங்கடை பள்ளிக்கூடக் கிணத்துக் கல்லு, ரீச்சர். கழட்டி எறிஞ்ச குப்பைக்கை இருந்து எடுத்தவ. கொக்குவிலிலை இருந்து நல்லதண்ணி கொண்டுவந்து தட்டத்திலை விடுவா. மேலாலை விடக்கூடாதாம். 'சரோ சுரண்டினதிலை தப்பினது' எண்டுதான் சொல்லுவா. நீங்களோ ரீச்சர் சுரண்டினது?"

"ஓம்" என்றேன்.

"உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னவ. தான் தந்தா, வேலை இருக்கு எண்டு சொல்லுவியளாம்."

வீட்டுக்குக் கொண்டுவந்து, மேசையில் வைத்து, லென்ஸால் பார்த்தேன். பச்சை வெற்றிலைகள், சின்னச் சின்னதாக. நுனியிலுள்ள பள்ளத்தை இத்தனை வருடமும் நான் அளவுக்கு மிஞ்சி ஆழமாகக் கீறியிருக்கிறேன். அழுதேன். அழும்போதும் கோபம்தான். எல்லாம் தெரிந்திருந்தும் எனக்குத் தோசை தந்திருக்கிறார். அந்த மனசு எனக்கு ஏன் இல்லாமல் போனது?

மேலால் தண்ணீர் விடாத காரணம் எனக்கு விளங்கியது. தண்ணீர் இல்லாவிட்டால் ஆணணு நீந்தாது. புதுப் பன்னம் வராமல் வெற்றிலை அப்படியே இருக்கும். என்றாவது எனக்குக் காட்டுவதற்காக அதை அப்படியே நிறுத்தி வைத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் செய்யாத ஒன்றையாவது நான் செய்யவேண்டும் என்று, கல்லின் ஒரு ஓரத்துக்கு மட்டும் மேலால் ஒரு கரண்டி தண்ணீர் விட்டேன். அச்சகத்திலிருந்து கட்டுரை கேட்டு இரண்டு தடவை ஆள் வந்துவிட்டது. இன்று காலைதான் ஒரு வெற்றிலையின் அடியிலிருந்து குட்டிப் பன்ன இலை ஒன்று நிமிர்ந்து நிற்பதைக் கண்டேன். அதைக் கண்ட பிறகுதான் எழுதக் குந்தினேன்.

என் பிரிவில் படித்தவர்கள் யாராவது இந்த மலரை வாசித்தால், உங்கள் கொப்பியில் ஒரு திருத்தம். கிணற்றுச் சுவரில் இருந்தது பாசியல்ல. தெரிந்துகொண்டே உங்களுக்குப் பிழையாகச் சொன்னேன். சரியாகச் சொன்னவர் மணி ரீச்சர். கல் இப்போது என் வீட்டு யன்னலில் இருக்கிறது, வந்து பாருங்கள்.

போட்டு வாரும், மணி. எனக்கு இப்ப ஒரு வேலையும் இல்லை. பாத்துக்கொண்டிருக்கிறன்.