வெசாக் நிலவில் நண்டுக்கறி

என் புருஷன் யாகப்பருக்கு நாற்பது வருஷமாக நண்டுத் தொழில். விடத்தல்தீவுக் கடலில் எந்தப் பள்ளத்தில் நண்டு கிடக்கும், எந்தக் காற்றுக்கு மேயும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். கண்ணைத் திறந்துகொண்டு கலண்டர் பார்க்க மட்டும் தெரியாது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் எனக்கு 2012ஆம் வருஷம், புத்தரின் வெசாக் பெருநாளுக்கு மூன்று நாள் முன்பு வந்தது. அது இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடியே சொல்லுகிறேன்.

மெலிந்த மனுஷன். சத்தம் போட்டுப் பேசமாட்டார். குடிப்பதில்லை. மாதம் ஒருமுறை கோயிலில் சுவாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வார். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம், வீட்டில் ஏதாவது பிரச்சினை என்றால் தோணியை எடுத்துக்கொண்டு கண்டல் மரங்களுக்குள் போய் ஒளிந்துகொள்வதுதான். கலியாணம் கட்டிய வருஷம் என் தமையன் சண்டைக்கு வந்தான், இவர் கண்டலுக்குள் போய்விட்டார். மகள் டினோஜா பிறக்கும்போது நான் வலியில் கத்தினேன், அதற்கும் போய்விட்டார். பிள்ளையைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்த பிறகு வந்தார், கையில் நாலு நண்டு. “சுகமோ?” என்று கேட்டார். சுகம் என்றேன். வேறு என்ன சொல்ல?

நண்டுக்கும் நிலவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. வளர்பிறையில் நண்டு மெலியத் தொடங்கும். பறுவத்தன்று, நிலவு முழுசாக நிற்கும்போது, ஓட்டுக்குள் தண்ணீர்தான் இருக்கும். அமாவாசையை ஒட்டித்தான் சதை பிடிக்கும். அதனால் எங்கள் ஊர் நண்டுக்காரர் நிலவு காலத்தில் கடலுக்குப் போகமாட்டார்கள். வலையைக் கழுவிக் கொட்டிலின் கூரை மரமான வளையில் தொங்கப் போட்டுவிட்டுக் கிழிசலைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள். இது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

மஹ்மூது நானா என் புருஷனின் கூட்டாளி. இருவருக்கும் ஒரே தோணி, ஒரே வலை. நானாவின் வாப்பாவுக்கு நண்டு என்றாலே பிடிக்காது, வீட்டுக்குள் விடமாட்டார். அதனால் நானா எங்கள் அடுப்படிக்கு வந்துதான் தின்பார், தின்றுவிட்டுக் கையை மூன்று தரம் சவுக்காரம் போட்டுக் கழுவுவார். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், முஸ்லிம் சனம் எல்லாரும் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று ஆயுதம் ஏந்திய இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. நானா ஓடி வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

“நீ பயப்பிடாதை. நான் போய் அவங்களோடை கதைக்கிறன்” என்றார் என் புருஷன்.

அது காலையில் சொன்னது. மத்தியானம் பார்த்தால் தோணியும் இல்லை, ஆளும் இல்லை.

மறுநாள் நானா விடைபெற வந்தார். கொட்டில் வாசலில் நான்தான் நின்றேன்.

“யாகப்பு எங்கை, தங்கச்சி?”

“நண்டுக்குப் போட்டார், நானா. விடியவே போட்டார்.”

தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். எங்கள் தெருவில் அடுப்புப் புகை பாதிக்குமேல் நின்றுபோனது அன்றைக்குத்தான். என் புருஷன் அடுத்த நாள் பின்னேரம் உடம்பெல்லாம் சேறும் நுளம்பு கடித்த தடிப்புமாக வந்தார். கதைக்கவும் போகவில்லை, கடலுக்கும் போகவில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. குளிக்கத் தண்ணீர் அள்ளி வைத்தேன். அன்றிலிருந்து “யாகப்பர் நண்டுக்குப் போயிருந்தார்” என்பதுதான் எங்கள் வீட்டுக் கதை. யார் கேட்டாலும் இருவரும் அதையே சொன்னோம். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடமும் அதைத்தான் சொன்னாரோ, எனக்குத் தெரியாது.

பிறகு எங்கள் முறை வந்தது. ஓடினோம், ஓடினோம், வன்னி முழுக்க ஓடினோம். கடைசியில் முட்கம்பிக்குள் கூடாரத்தில் இருந்தோம். 2010இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. கிணறு இருந்தது, அதற்குள் கதவு இருந்தது. தகரம் அடித்துக் குடியேறினோம். என் புருஷன் பழைய இடத்திலேயே கொட்டிலைப் போட்டார், வலையைத் தொங்கப் போட்டார். அவ்வளவு பட்ட பிறகும் அவருக்கு ஒரே ஒரு பயம்தான் மிச்சம் இருந்தது. மஹ்மூது என்றாவது வந்து, “அண்டைக்கு எங்கையடா இருந்தனீ?” என்று கேட்பான். முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொல்லவேண்டி வரும்.

2012 சித்திரையில் புத்தளத்திலிருந்து ரெலிபோன் வந்தது. நானா காணியைப் பார்க்க வருகிறாராம். மகன் வேலை செய்கிற கந்தோருக்கு லீவு விட்டால் வாடகை வான் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவானாம்.

“வா மச்சான்! என்ரை வீட்டிலைதான் சாப்பாடு. நல்ல நண்டாத் தின்னலாம்” என்று இவர் ரெலிபோனுக்குள் கத்தினார். நாற்பது வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. பிறகு கோயிலில் தந்த கலண்டருக்குப் பக்கத்தில் போய் நின்று, சிவப்பில் அடித்திருந்த ஒரு திகதியில் விரலை வைத்து, “வெசாக் லீவுக்கு வா” என்றார்.

கலண்டரில் அந்தத் திகதிக்கு மேலே வட்டமாக நிலவு அச்சடித்திருக்கிறது. லீவு விடுவதே பறுவம் என்பதால்தான். அந்த நிலவின் மேலேதான் விரலை வைத்திருந்தார்.

எனக்கும் அப்போது மூளை ஓடவில்லை, அது உண்மை. வெசாக்குக்கு மூன்று நாள் இருக்கும்போது, பின்னேர வெயிலில், உடுப்புக் காயப்போட்டதை எடுக்க முற்றத்துக்குப் போனேன். பனைக்கு மேலே நிலவு. தலையில் அடித்துக்கொண்டேன்.

“அந்தோனியாரே! இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன மூளை கழண்டு போச்சோ? மேலை பாருங்கோ!”

மேலே பார்த்தார். வாயைத் திறந்தார். அது மூடவில்லை.

“வேறை நாளுக்கு மாத்தச் சொல்லுங்கோ” என்றேன்.

“இருவத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு வாறவனை, வராதை எண்டு சொல்லுறதோ?”

நான் எதிர்பார்த்தது, இந்த மனுஷன் இப்போதே கண்டலுக்குள் போய்விடுவார் என்று. போகவில்லை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் கடலுக்குப் போனார். கரை முழுக்கச் சிரித்தது. நண்டு வாங்குகிற லொறிக்காரன், “யாகப்பர் அண்ணை நிலவிலை நண்டுக்குப் போறார், வெறுங் கோதுக்கோ?” என்று கேட்டான். மூன்று நாள் போனார். அறுபது எழுபது நண்டு கொண்டுவந்து முற்றத்தில் குந்தி, ஒவ்வொன்றின் வயிற்றையும் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். எல்லாம் உள்ளே அமிழ்ந்தது. கடைசியில் கொஞ்சம் பாரமானது என்று பதினாலைத் தெரிந்து எடுத்தார். அந்தப் பதினாலும் எனக்கு மற்றதுகள் மாதிரியேதான் இருந்தன.

வெசாக்கன்று சந்தியில் ஆமிக்காரர் கடதாசி வெளிச்சக் கூடுகள் கட்டினார்கள். நான் விடியவே எழும்பினேன். எங்கள் சட்டிகளில் பன்றியும் காய்ச்சியிருக்கிறோம் என்று மன்னார்ச் சந்தையில் புதுச் சட்டி மூன்று வாங்கி வைத்திருந்தேன். நானாவின் பெண்சாதி றஹீமா நண்டு தின்னமாட்டாள். அவளுக்கு இறாலைத் தனியே பிரட்டினேன். நண்டுக்கு மூன்று தேங்காய் துருவினேன். வெந்தயம், பெருஞ்சீரகம் தாளித்து, சின்ன வெங்காயமும் உள்ளியும் அள்ளிப் போட்டு, வறுத்த தூள் தாராளமாகப் போட்டு, பழப்புளி விட்டு, இறக்குகிற நேரம் தலைப்பாலும் முருங்கையிலையும் மிளகும். மணம் வீதி வரைக்கும் போயிருக்கும். வெறும் ஓட்டுக்கு இவ்வளவு அலங்காரம் நான் செய்ததே இல்லை.

என் புருஷன் அடுப்படி வாசலில் நின்று நெளிந்தார்.

“இஞ்சை, அந்த இறாலிலை கொஞ்சத்தை அரைச்சு நண்டு ஓட்டுக்குள்ளை அடைஞ்சு வைச்சால் தெரியாதெல்லோ?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அகப்பையை ஓங்கினேன். “அந்த மனுஷனுக்கு நாங்கள் சொன்ன ஒரு பொய் காணும்!”

சொன்ன பிறகுதான், அதை நாங்கள் இருவரும் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்க் கோயிலில் இரவல் வாங்கிய கதிரைகளைத் துடைத்தார். துடைத்த கதிரையைத் திரும்பவும் துடைத்தார்.

பின்னேரம் வான் வந்தது. நானாவுக்குத் தாடி வெள்ளை. நடை அதே நடை. என் புருஷன் வாசல் படலையடியிலேயே நின்றார், கிட்டப் போகவில்லை. நானாதான் வந்து கட்டிப்பிடித்தார். மகன் காணியைப் பார்க்கிறேன் என்று போனான். மஃரிப் தொழுகைக்கு முற்றத்தில் புதுப்பாய் விரித்துக் கொடுத்தேன். தொழுது எழும்பினபோது பனைக்குப் பின்னால் நிலவு ஏறிவிட்டது. அதை மறைக்க நான் என்ன, தகரமா அடிக்க முடியும்?

முற்றத்திலேயே பரிமாறினேன். இடியப்பம், இறால், நண்டு. நானா பெரிய நண்டாக ஒன்றை எடுத்து, பழைய மாதிரியே இரண்டு கையாலும் பிளந்தார். தண்ணீர் முழங்கை வரைக்கும் வடிந்தது. உள்ளே ஒன்றுமில்லை. இன்னொன்றைப் பிளந்தார். அதிலும் இல்லை. என் புருஷன் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடியப்பத் தட்டை நானாவின் பக்கம் தள்ளினேன்.

நானா சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“மச்சான், வாழ்நாள் முழுக்க நண்டுக்காரன் நீ. பறுவத்திலையோ எனக்கு நண்டு விருந்து? நிலவிலை ஆரடா நண்டுக்குப் போவான்?”

சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. அவர் நிலவை ஒருதரம் பார்த்தார். பிறகு என் புருஷனைப் பார்த்தார்.

“நாங்கள் போன அண்டைக்கும் வளர்பிறை” என்றார்.

என் கையில் இருந்த கறிச்சட்டியைக் கீழே வைத்தேன். படலை திறந்துதான் கிடந்தது, தோணி கரையில்தான் கிடந்தது. இப்போது எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். எழும்பினார்தான். எழும்பி, கறி பூசின கையோடு நானாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

“நான் நண்டுக்குப் போகேல்லை, மஹ்மூது. கதைக்கவும் போகேல்லை. சந்தி மட்டும் போனனான். அவங்கடை துவக்கைக் கண்டவுடனை திரும்பிப் போட்டன். நீ போற வரைக்கும் கண்டலுக்குள்ளை இருந்தனான். பயந்திட்டனடா.” சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். முள்ளிவாய்க்காலில்கூட அழாத மனுஷன்.

“பொய் சொன்னது நான்தான், நானா” என்றேன்.

“தெரியும், தங்கச்சி” என்றார் நானா. “நண்டு வலை கொட்டில் வளையிலை தொங்கினது. அதுக்குக் கீழை நிண்டுதான் உங்களிட்டைத் தண்ணி வாங்கிக் குடிச்சனான்.”

இருபத்திரண்டு வருஷம் கட்டிக்காத்த பொய். என் தலைக்கு மேலேயே வலை தொங்கியிருக்கிறது. நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

“அப்ப ஏன் நானா கேக்கேல்லை?”

“தண்ணி தந்த ஆளைப் பொய்யர் எண்டு சொல்லிப்போட்டு எப்பிடிப் போறது?”

றஹீமா இறாலை உரித்தபடியே சொன்னாள்: “அக்கா, இவர் புத்தளத்திலை அந்த வலையைச் சொல்லிச் சொல்லியே எங்கடை காதைத் துளைச்சவர். பேரப்பிள்ளையளுக்கும் அந்த வலை தெரியும். வன்னிச் சனம் ஓடுது எண்டு ரேடியோவிலை சொன்ன அண்டைக்குத்தான் வலையை விட்டிட்டு, யாகப்பு எங்கை, யாகப்பு எங்கை எண்டு தேடத் தொடங்கினவர்.”

“கோவம் இன்னும் இருக்கோ?” என்று என் புருஷன் கேட்டார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

நானா கையிலிருந்த ஓட்டைத் தட்டில் வைத்தார். “கொஞ்சம் இருக்கு” என்றார். பிறகு, “எழும்பிச் சாப்பிடு, ஆறுது” என்றார்.

சாப்பிட்டோம். பெரிய காலுக்குள் மட்டும் கொஞ்சம் சதை இருந்தது. குழம்பு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அது பொய்யில்லை, நன்றாகத்தான் இருந்தது. மகன் வந்தான், நானா கையை மூன்று தரம் சவுக்காரம் போட்டுக் கழுவினார். போகும்போது கலண்டருக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியைப் போட்டு, அமாவாசை எப்போது என்று தானே பார்த்தார்.

“நீ நாள் வைக்காதை. நான் வைக்கிறன்” என்றார் என் புருஷனிடம்.

அமாவாசைக்கு முதல் நாள் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார், கையில் ஒரு பை. விடியப்புறம் இரண்டு பேரும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கடலுக்குப் போனார்கள். தோணிச் சத்தம் மறைந்த பிறகு நான் எழும்பிக் கொட்டிலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். வளையில் வலை இல்லை.