பட்டாணி வேரில் முடிச்சு

கல்யாணமாகி ஊட்டிப் பக்கம் வந்த இரண்டாவது வருஷம்தான் என் வீட்டுக்காரரிடம் முதன்முதலாகக் குரலை உயர்த்தினேன். அதுவும் ஒரு பட்டாணிச் செடிக்காக.

முந்தின போகத்தில் எங்கள் குத்தகைச் சரிவில் போட்ட உருளைக்கிழங்கை நூற்புழு தின்று தீர்த்திருந்தது. வேரில் மணிமணியாக ஒட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சுகிற சனியன் அது. அதனால்தான் அந்தத் தடவை பட்டாணிக்கு மாறியிருந்தோம். பூ விடுகிற நேரம். களை பிடுங்கும்போது ஒரு செடியும் கூடவே வந்துவிட்டது. வேரைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது. வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சு.

"போச்சு புள்ள! இதுலயும் வந்திருச்சு. எல்லாத்தையும் பிடுங்கித் தீ வச்சிரலாம்."

சொன்னதோடு நிற்கவில்லை, பிடுங்கவே ஆரம்பித்துவிட்டார். இந்தப் பட்டாணியை விட்டால் அந்த வருஷம் எங்களுக்கு வேறு விளைச்சலே கிடையாது.

நான் பன்னிரண்டாவதில் உயிரியல் படித்தவள். இந்த முடிச்சைப் பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"நிறுத்துங்க! இது புழு இல்லீங்க. உள்ள பாக்டீரியா இருக்குது. காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சுச் செடிக்கு உரமாக் குடுக்கும். பதிலுக்குச் செடி அதுக்குச் சர்க்கரை குடுக்கும்."

"புஸ்தகத்துல இருக்கிறதெல்லாம் நம்ம காட்டுல நடக்குமா?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். உள்ளே நல்ல ரோஜா நிறம். "இந்தச் செவப்பு இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தமுங்க." அவர் பிடுங்கிப் போட்ட செடிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கிள்ளிக் காட்டினேன். எல்லாவற்றிலும் அதே நிறம்.

"தப்பாப் போச்சுன்னா?"

"பழியை எம்மேல போடுங்க. ஆனா இனி ஒரு செடி மேல கை வச்சீங்க, நடக்கறதே வேற."

அவர் கையை உதறிக்கொண்டு வரப்பேறிப் போனார். அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். வெளியே மட்டும்தான் வீறாப்பு. தினமும் காலையில் விரல் விறைக்க விறைக்கப் பாத்தி பாத்தியாக நடந்து, இலை மஞ்சளாகிறதா என்று பார்ப்பேன். ஆகவில்லை. காய் நெருக்கமாகப் பிடித்தது.

நாங்கள் காய் பறித்துக்கொண்டிருந்தபோது, பிந்தி விதைத்த பக்கத்துத் தோட்டக்காரர் தன் செடி ஒன்றை வேரோடு தூக்கிக்கொண்டு வந்தார். "ஏனுங்க, இதென்னமோ முடிச்சு முடிச்சா இருக்குதுங்க. எல்லாத்தையும் பிடுங்கீறலாமுங்களா?"

என் வீட்டுக்காரர் செடியை வாங்கித் தொண்டையைக் கனைத்தார். "வேண்டாமுங்க. அது வந்துங்க... உள்ள ஒரு இது இருக்குது..." அடேயப்பா, என்ன தோரணை!

"நகருங்க, நான் சொல்றேன்" என்றேன்.

செடியை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார்.