பதினேழு கல்லும் இன்னொன்றும்

நகைப் பட்டறையில் அவருக்குப் பெயர் கழுகு. கல் பதிக்கிற வேலை. கண் அவ்வளவு கூர்மை என்று அவரே தனக்கு வைத்துக்கொண்ட பட்டம் அது. மற்றவர்கள் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து அறைக்குக் கல் சோதிக்கும் மெஷின் வந்த நாளிலிருந்து அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மண்ணுக்குள் விளைந்த வைரம் எது, ஆய்வகத்தில் வளர்த்த வைரம் எது என்று பிரித்துச் சொல்கிற பெட்டி. "கண்ணு இல்லாதவங்களுக்குத்தான் மெஷினு" என்று அதை இயக்குகிற அம்மாளின் காதுபடவே சொல்வார்.

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பொட்டலம்தான் திறந்திருக்கலாம். அன்றைக்கு அவசரத்தில் இரண்டைத் திறந்தார். ஒன்றில் பள்ளி வேன் ஓட்டுகிற ஒரு பெண் கொடுத்த பதினெட்டுக் கற்கள். செத்துப்போன அம்மாவின் நெக்லஸிலிருந்து கழற்றியவை, வளையலில் பதிக்க வேண்டும். இன்னொன்றில் வேறொரு ஆர்டருக்கான ஆய்வகக் கற்கள் இருபத்துநான்கு. அளவும் ஒன்றே. முதல் குவியல் தட்டில் கிடக்க, ஏதோ நினைப்பில் இரண்டாவதையும் அதன் மேலேயே கொட்டிவிட்டார்.

வேறு கல் என்றால் வாங்கி வைத்துவிடலாம். அம்மா போட்டிருந்த கல்லை எந்தக் கடையில் வாங்குவது? லென்ஸும் கையுமாக ஒரு மணி நேரம் போராடிப் பதினெட்டைப் பொறுக்கினார். பாதிக்கு மேல் ஊகம் என்று அவருக்கே தெரியும். எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்.

"என்ன கழுகண்ணே, வழி தவறிட்டீங்களா?"

"கலந்துட்டேம்மா."

அந்தக் குரலைக் கேட்டதும் அம்மாளுக்குக் கேலி போய்விட்டது. வீட்டுக்குக் கிளம்பத் தோளில் மாட்டிய பையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு கல்லாக மெஷினின் விளக்கடியில் வைத்துப் பார்த்தார்.

"நீங்க பொறுக்குன பதினெட்டுல எட்டுதாண்ணே மண்ணுல வெளஞ்சது. வருத்தப்படாதீங்க. ரெண்டும் வைரந்தான், ஒரே பளபளப்பு. எங்க பொறந்துச்சுன்னு லென்ஸுக்கு எப்படித் தெரியும்?"

நாற்பத்திரண்டையும் பார்த்து முடித்தபோது மண்ணில் விளைந்தவை பதினேழுதான் இருந்தன. மிச்சம் இருபத்தைந்தில் இருபத்துநான்கு ஒரே நிறத்தில் ஒளிர்ந்தன. ஒன்று மட்டும் விளக்கை அணைத்த பிறகும் வெளிறி மினுங்கியது.

"இதுவும் ஆய்வகத்துக் கல்லுதான், ஆனா உங்க இருபத்துநாலோட கூடப்பொறந்தது இல்ல. அந்தப் பொண்ணு பொட்டலத்துலதான் வந்திருக்கணும்."

யார் நம்புவார்கள்? கல்லைக் கலந்தவனே வந்து, 'உன் கல்லில் ஒன்று ஆய்வகத்தது' என்று சொன்னால் திருடன் பட்டம்தான் மிஞ்சும்.

"ஸ்டாக்குலேருந்து மண்ணுல வெளஞ்சது ஒண்ணு எடுத்துப் பதிச்சுட்டா?"

"அப்புறம் அது அவங்கம்மா போட்ட கல்லா? சொல்லிடுங்கண்ணே. நான் கூட நிக்கறேன்."

மறுநாள் அந்தப் பெண் வந்தபோது சொன்னபடியே கூட நின்றார். கழுகு ஒன்று விடாமல் ஒப்புக்கொள்ள, மெஷின் காட்டியதை அம்மாள் சொன்னார். வேன்காரப் பெண் கழுகை மேலும் கீழும் பார்த்தாள். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அம்மா நெக்லஸ்ல கல்லு எதுவும் மாத்துனியா?"

"யாருடி சொன்னா? ஆபீஸ் விழாவுக்குப் போட்டுட்டுப் போனேன்ல, அன்னிக்கு ஒண்ணு விழுந்துடுச்சு. என் சம்பளத்துக்கு ஆய்வகக் கல்லுதான் கட்டுப்படியாச்சு. கடைசிவரைக்கும் அம்மாவுக்குத் தெரியாதுடி."

"அடி கள்ளி! இத்தனை வருஷமா உள்ளுக்குள்ளயே வெச்சிருந்தியா?" வேன்காரப் பெண்ணுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போனை வைத்துவிட்டுக் கழுகிடம் சொன்னாள்: "பதினெட்டையும் பதிங்கண்ணே. அதுவும் அம்மா போட்டுக்கிட்ட கல்லுதானே."

அவள் போனதும் கழுகு மெஷின் அறை வாசலில் போய் நின்றார். இருபத்தெட்டு வருட வேலை, திருட்டுப் பட்டம் ஒட்டாத பெயர், இரண்டும் இந்த அம்மாளால்தான் மிஞ்சின. நன்றி சொல்லிப் பழகாத வாய்.

"நன்றிம்மா" என்று முனகினார்.

"மெஷினுக்குக் கேக்கலையாம்ண்ணே."

பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார்.