ஐந்தாவது இன்ஜெக்டர்

துருவத்தை ஒட்டிய யொக்மொக் ஊரில் முப்பது வருஷம் பஸ் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் தூரெ. குளிரில் விறைத்த வண்டி எதுவானாலும் அவர் கை பட்டால் கிளம்பிவிடும் என்று ஊரில் பேச்சு. கை வேலை செய்யும்போது வாயும் விளக்கிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பிப்ரவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து மூன்று டிகிரி. பக்கத்து வீட்டில் தங்கையின் கணவர் ஹில்டிங். அவருடைய எழுபத்து மூன்றாம் வருஷ மாடல் கார் மூன்று நாளாகக் கிளம்பவில்லை.

தூரெ ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். காய்ந்து கிடந்தது.

"பெட்ரோல் வரலை மாப்ள. அதைப் பீய்ச்ச நாலு சிலிண்டருக்கு நாலு இன்ஜெக்டர். குளிர்ல மட்டும் அஞ்சாவது ஒண்ணு சேர்ந்து அடிக்கணும்."

அந்த ஐந்தாவதைக் கழற்றி ஜாம் பாட்டிலுக்குள் நீட்டினார். ஹில்டிங் சாவியைத் திருப்பினார். பாட்டிலில் ஒரு சொட்டுகூட விழவில்லை. பேட்டரியிலிருந்து நேரே கம்பி கொடுத்ததும் புகைபோலப் பீய்ச்சியது.

"இது நல்லாத்தான் இருக்கு. குளிரைப் பார்த்து இதுக்கு மின்சாரம் விடுற சுவிட்ச் செத்துப்போச்சு. புதுசு வியாழக்கிழமை வரும்."

"அதுவரைக்கும் இப்படியே கம்பி குடுத்துட்டா?"

"சுவிட்ச் எட்டு செகண்ட்ல நிறுத்திடும். கம்பிக்கு நிறுத்தத் தெரியாது."

"எனக்கு எட்டு வரைக்கும் எண்ணத் தெரியும் மச்சான்."

"வேண்டாம் மாப்ள. பெட்ரோல் தேங்கும். ஒரு பொறி போதும்." எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டுத் தூரெ வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை காப்பி ஊற்றும்போது பக்கத்து வீட்டு ஷெட்டில் ஸ்டார்ட்டர் முனகியது. நின்றது. மறுபடி முனகியது. எட்டு செகண்ட் எப்போதோ தாண்டியிருந்தது. கோட்டுகூடப் போடாமல் தூரெ வெளியே ஓடினார். ஷெட் வாசலிலேயே பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது.

"கம்பியைத் தொடாதே, பொறி பறக்கும்" என்று கத்தினார்.

ஷெட்டுக்குள் மெத்தென்று ஒரு சத்தம், பெரிய போர்வையை உதறியதுபோல. கதவிடுக்கு முழுவதும் வெளிச்சமானது. தூரெ ஹில்டிங்கின் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் பனியில் புரட்டினார்.

யெல்லிவாரே மருத்துவமனையில் ஹில்டிங்கின் இரண்டு கைகளும் கட்டுக்குள் இருந்தன. முகம் வீங்கியிருந்தது.

"எந்த முனையில கம்பி குடுக்கணும்னு நான் மறக்கவே இல்ல மச்சான். நீ அவ்வளவு தெளிவாக் காட்டியிருந்தே."

குறை சொல்லும் குரல் அல்ல. பாராட்டித்தான் சொன்னார். தூரெ எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இப்போதும் கூப்பிட்டால் வருகிறார். வண்டிக்காரரை வீட்டுக்குள் அனுப்பிவிட்டுத்தான் பானெட்டைத் திறக்கிறார். என்ன கோளாறு என்று யாராவது கேட்டால், "சரியாயிடும்" என்பார். அதற்கு மேல் வாய் திறப்பதில்லை.