மூடி போட்டு வேகவைத்த கிழங்கு

நான் காவிரிக்கரைக்காரி. அரிசி என்பது தீர்ந்துபோகக்கூடிய பொருள் என்றே எனக்குத் தெரியாது. கல்யாணமாகி, சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த என் அகத்துக்காரரோடு மலையாளக் கரையில் கரமனை அக்ரஹாரத்துக்குக் குடித்தனம் வந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பர்மா அரிசி வருவது நின்றிருந்தது. ரேஷன் அரிசி வாரத்தில் பாதிக்குத்தான் காணும். மீதி நாளுக்கு ஊரே மரச்சீனி தின்றது. எங்கள் பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கு என்போமே, அதேதான். சாலைக் கடைத்தெருவில் குவித்திருந்ததைப் பார்த்து விறகு விற்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"மனுஷா சாப்பிடறதா இது?" என்று அகத்துக்காரரிடம் கேட்டேன். அவருக்கு ஒரே சிரிப்பு. முன்னொரு காலத்துப் பஞ்சத்தில் ஜனங்கள் இதை விஷம் என்று தொட மறுத்தார்களாம். அப்போதிருந்த மகாராஜா அரண்மனையிலேயே வேகவைக்கச் சொல்லி, எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டுக் காட்டினாராம். ராஜாவே சாப்பிட்டார் என்பது என் மனதில் நின்றது. விஷம் என்ற வார்த்தையை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டேன்.

ஆனால் எங்கள் தெருவில் அந்தப் பேச்சே கிடையாது. பக்கத்து அகத்தில் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள் ஒருத்தி இருந்தாள். மன்னி என்று கூப்பிடுவேன். வந்த முதல் நாளே சொல்லிவிட்டாள்: "மரச்சீனியை நம்ம தெருவிலே அகத்துக்குள்ளே கேத்தமாட்டா, கேட்டியா. மத்தவா திங்கற சாதனமாக்கும் அது." அதோடு இன்னொன்றும் சொன்னாள். எங்களுக்கு முன்னால் அந்த அகத்தில் குடியிருந்தவர்களின் பெண்குழந்தை வாந்திபேதியில் போய்விட்டதாம். "கிணத்து வெள்ளம் செரியில்லை. காய்ச்சிக் குடி." நானும் அந்தத் தண்ணீரை ஒரு நாள் தவறாமல் காய்ச்சினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசிப் பானையைத் தட்டினால் வெறும் சத்தம்தான் வந்தது. அகத்துக்காரர் பையோடு போய், ஆற்றங்கரை வழியாகத் திரும்பிவந்து கொல்லைக்கதவைத் தட்டினார். பையின் மேலே முருங்கைக்கீரை, அடியிலே மரச்சீனி. சாராயம் கடத்துகிறவர்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டார்.

எப்படிச் சமைப்பது? யாரைக் கேட்க? கேட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். கிழங்கு கிழங்குதானே, சேனையை வேகவைக்கத் தெரிந்தவளுக்கு இது என்ன பிரமாதம் என்று துணிந்துவிட்டேன். தோலை வாழைமரத்தடியில் புதைத்தேன். வாடை சுவர் தாண்டிவிடக் கூடாதே என்று வெண்கலப் பானையை இறுக மூடி, மேலே அம்மிக்குழவியை வைத்தேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் உலைமூடியாலேயே மூடப் பார்த்தேன். கிழங்கு வெந்த தண்ணீரையும் கொட்டவில்லை. என் பிறந்தகத்தில் காய் வெந்த தண்ணீரைக் கொட்டுகிறவள் குடித்தனத்துக்கு லாயக்கில்லாதவள். அதிலேயே ரசம் வைத்தேன். லேசாகக் கசந்தது. புளியையும் மிளகையும் கூட்டினேன்.

அவர் தேங்காய்த் துவையலோடு கிழங்கைச் சாப்பிட்டார். ரசத்தை வாங்கி வாங்கிக் குடித்தார். அவர் எழுந்த பிறகு நான் உட்காருவது வழக்கம். அன்று அடுப்பை ஒழித்துவிட்டு உட்காரலாம் என்றிருந்தேன், உட்காரவேயில்லை. கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கிறது என்றார். பிறகு வாந்தி. என்னவோ சொல்ல வந்தவர் நாக்குக் குழறி, சுவரோடு சரிந்து தரையில் விழுந்தார். கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. மானம் போனால் போகட்டும் என்று நடுத்தெருவில் நின்று அலறினேன்:

"மரச்சீனி சாப்பிட்டார்! யாராவது வாங்கோளேன்!"

முதலில் ஓடிவந்தவள் மன்னிதான். ஐயோ அதைப் போய்ச் சாப்பிட்டீர்களா என்று கேட்பாள் என நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"வெந்த வெள்ளத்தைக் கொட்டினயோ?"

"அதிலேதான் ரசம் வச்சேன், மன்னி."

மார்பில் அடித்துக்கொண்டாள். "மூடியும் போட்டயோ? அடிப்பாவி! கசப்புக் கிழங்காக்கும் அது. திறந்து வச்சு வேவிச்சு, விஷம் இறங்கின வெள்ளத்தைக் கொட்டணும்!"

அதற்குள் அகம் நிறையப் பெண்கள். எதிர் அகத்து மாமி உப்புத் தண்ணீரைப் புகட்டி அவரை வாந்தியெடுக்க வைத்தாள். அவள் புருஷர் டாக்டரைக் கூட்டிவர ஓடினார். தண்ணீரை ஒரு தரம் மாற்றினால் போதும் என்றாள் ஒருத்தி. போதாது, இரண்டு தரம் மாற்றணும் என்றாள் இன்னொருத்தி. கையால் தொடமாட்டோம் என்றவர்களெல்லாம் என் புருஷன் தலைமாட்டில் நின்று பக்குவம் பேசினார்கள்.

டாக்டர் வந்து ஏதேதோ செய்தார். சாயங்காலம் அகத்துக்காரர் கண் திறந்து தண்ணீர் கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. எல்லோரும் போன பிறகு மன்னியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. புதுசா வந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"எப்படிச் சொல்லுவேன்? சொன்னா நாங்களும் திங்கறோம்னு ஆயிடாதோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராஜா ஊரறியச் சாப்பிட்ட கிழங்கை இந்தத் தெரு கதவைச் சாத்திக்கொண்டு தின்றிருக்கிறது. "நாளைக்குப் புதுசா இன்னொருத்தி குடிவருவா. அவளுக்கும் சொல்லமாட்டேளா? ஒரு உயிர் போனாத்தான் வாயைத் திறப்பேளா?" என்று கத்திவிட்டேன்.

மன்னி எங்கள் சமையலறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னே இங்கே இருந்தாளே, அந்தக் குட்டி..." என்றாள்.

"வாந்திபேதின்னு சொன்னேளே?"

"ஆமா. அப்படித்தான் எல்லாருமாச் சொன்னோம்."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பாவமும் அறியாத அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். குடிவந்த நாளிலிருந்து அதைத்தான் பயந்து பயந்து காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தேன்.