சாட்சி சொல்லிக்கொடுப்பவர்

"இன்னிக்கு என்ன கிழமை?"

மதகுக்கட்டையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தபடி இராஜாங்கம் கேட்கிறார். எதிரே வேம்பு, அவரைவிடக் கொஞ்சம் இளையவர், வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றி வாய்க்கால் தண்ணீரைப் பார்க்கிறார்.

"வியாழன்."

"தேதி?"

"அதான் கிழமை சொல்லிட்டேன்ல தோழரே. தேதி வேறயா?"

"கிழமையோட விட்டுடுவாங்களா? தேதி கேப்பாங்க, மாசம் கேப்பாங்க, உன் ஊரு எந்த வட்டத்துல இருக்குன்னு கேப்பாங்க. தலையச் சொறிஞ்சுக்கிட்டு நின்னியன்னா தெருவுக்கே கெட்ட பேரு."

பாபநாசத்திலிருந்து வரும் மினி பஸ் திரும்பிப் போகிற ஊர் அது. காலை பஸ் போனதும் கீழத்தெருவின் வயசாளிகள் ஒவ்வொருவராக மதகடிக்கு வந்து சேருவார்கள். இராஜாங்கம் ஒவ்வொருவரையும் விசாரிப்பார். தேறாதவர் நாளைக்கும் வர வேண்டும். தேறியவரும் வருவார், ஏனென்றால் வேறு வேலை இல்லை.

இராஜாங்கம் ஆள் ஒல்லி. முதுகு இன்னும் வளையவில்லை. தோளில் துண்டு எப்போதும் இருக்கும். குளிக்கும்போது மட்டும் இறங்கும். சாப்பிடும்போதுகூட ஏன் இந்தத் துண்டு என்று கீழத்தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள், அங்கே எல்லாருக்கும் காரணம் தெரியும். இலவசக் கண் முகாமில் வாங்கிய மூக்குக்கண்ணாடி ஒன்று உண்டு. அதை எதையும் படிக்கப் போடுவதில்லை. அதிகாரி யாராவது தெருவுக்குள் வந்தால் எடுத்து மாட்டிக்கொள்வார். பிறந்த நாள் ஆதார் அட்டைப்படி ஜனவரி ஒன்று. அந்தத் தெருவில் ஒரு குறிப்பிட்ட வயசுக்கு மேற்பட்டவர்கள் அத்தனை பேரும் ஜனவரி ஒன்றாம் தேதிதான் பிறந்திருக்கிறார்கள். அட்டை எடுக்க வந்தவருக்கு அன்று என்ன அவசரமோ.

இந்த வயசு விஷயமாகத்தான் செவ்வந்தி அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தாள். முதுமையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற குழு ஒன்று பழைய தஞ்சை ஜில்லாவில் சில ஊர்களைப் பொறுக்கியெடுத்து, அங்கிருக்கும் பெரியவர்களை வருடா வருடம் சோதிக்கிறது. செவ்வந்தி அதில் களப்பணியாளர். ஸ்கூட்டியின் முன்னால் ஐஸ் பெட்டி, தோளில் பை. அங்கன்வாடிக் கட்டடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து இரத்தம் எடுப்பாள், நடக்கச் சொல்வாள், ஒரு கருவியைக் கையில் கொடுத்து அழுத்தச் சொல்வாள். இராஜாங்கம் அதை ஓர் அழுத்து அழுத்திவிட்டு, "கருக்கருவா புடிச்ச கைம்மா, ஒன் மிஷினு தாங்குமா பாரு" என்பார்.

முதல் வருடம் அவள் பொறுமையாக விளக்கினாள். "அட்டையில இருக்குற வயசு வேற, உடம்போட வயசு வேறங்க ஐயா. ரெண்டு பேருக்கு ஒரே வயசா இருக்கும். ஒருத்தரு ரத்தத்துல பத்து வருசம் கூட ஓடியிருக்கும். அதக் கண்டுபுடிச்சா, மறதி வியாதி, மூட்டு, இருதயம், எது யாருக்கு வரும்னு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமான்னு பாக்குறாங்க."

இராஜாங்கம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அப்ப மிராசுதாரு ரத்தத்தையும் எங்க ரத்தத்தையும் பக்கத்துல வெச்சுப் பாத்துச் சொல்லு. எங்களுது எத்தன வருசம் கூட ஓடியிருக்குன்னு."

செவ்வந்தி சிரித்தாள். அந்தக் குழுவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை அவள் சொல்லவில்லை.

இரத்தம், நடை, பிடி எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஞாபகம். கிழமை, தேதி கேட்பாள். பிறகு பத்து வார்த்தைகளை நிறுத்தி நிறுத்திப் படிப்பாள். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இராஜாங்கத்துக்கு இதைக் கேட்டதுமே மூக்கு வியர்த்துவிட்டது. ஓர் ஆள் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார், இன்னோர் ஆள் பதில் சொல்கிறார், சொன்னது பதிவாகிறது என்றால் அதற்கு அவர் அகராதியில் ஒரே பெயர்தான், விசாரணை. விசாரணை என்று வந்துவிட்டால் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளாமல் போகக் கூடாது.

அது அவருடைய பழைய வேலை. கூலி நெல்லுக்காகவும் குடியிருக்கிற மனைக்காகவும் வயல்காட்டில் செங்கொடி ஏறிய காலத்தில் அவர் சங்கத்து இளைஞர். வழக்குக்கு மேல் வழக்கு வந்தது. சாட்சி சொல்லப் போகிறவர்களை வரப்பில் நடத்திக் கூட்டிப்போய்க்கொண்டே தயார் செய்வதுதான் அவருக்குக் கொடுத்த பொறுப்பு. பொழுது எந்தப் பக்கம் இருந்தது, தடி யார் கையில், களத்துக்கு எந்த வழியாக வந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு உருப்போட வைப்பார். அதைப் பொய் சொல்லிக்கொடுப்பது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "நடந்தது உண்மைதான்யா. உண்மைய ஒழுங்காச் சொல்லத் தெரியலன்னா அது பொய்யாத்தானே போவுது?"

கீழத்தெருக் கண்ணாத்தாளுக்கு அப்படித்தான் ஆயிற்று. குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்த புதிது. கழக ஆட்சி கொடுத்த உரிமையை மிராசுதார் அத்தனை சுலபமாக விடுவதாக இல்லை. கண்ணாத்தாள் அந்த மனையில் குடியிருக்கவே இல்லை என்று வாதம். விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் மனையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. இன்று என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டார். "நடவு முடிஞ்ச கிழமைங்க" என்றாள் அவள். புத்தி சுவாதீனம் இல்லாதவள் வாக்குமூலம் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். மறு வாரம் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். அவளைத் தயார் செய்தவர் இராஜாங்கம். எல்லாம் சொல்லிக்கொடுத்தவர், கிழமையைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதனால் செவ்வந்தியின் பத்து வார்த்தைகளை அவர் லேசில் விடவில்லை. சோதனைக்கு உள்ளே போகிற ஒவ்வொருவரும் ஆளுக்கு இரண்டு வார்த்தையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வெளியே வர வேண்டும் என்று ஏற்பாடு. கலந்தர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவற்றைக் கோத்தார். ஒரு வருடம் ஒரு வரிசை, மறு வருடம் வேறு வரிசை, பிறகு முதல் வரிசையே திரும்ப வருகிறது என்பதையும் கண்டுபிடித்தார். கதவு, ஆறு, குடை என்று போகிற வரிசையைக் கதையாக்கினார்: கதவைத் திறந்து ஆற்றுக்குப் போனவன் குடையை மறந்துவிட்டான், இப்படி.

விளைவு விபரீதமாக இருந்தது. வயசானால் ஞாபகம் குறையும், உடம்பு நன்றாக இருந்தால் அப்படியே நிற்கும். கீழத்தெருவில் அது வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போயிற்று. பட்டணத்திலிருந்து ஒரு டாக்டரே காரில் வந்து இறங்கி, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தார். வயல் நண்டு என்றார் ஒருவர். பழைய சோறு என்றார் இன்னொருவர். வேம்பு நன்றாக யோசித்து, "டீங்க" என்றார். வாய்க்கால் தண்ணீரை ஒரு புட்டியில் பிடித்துக்கொண்டு டாக்டர் போனார். இராஜாங்கம் மூக்குக்கண்ணாடியோடு நின்று வழியனுப்பினார். அன்று அவருக்கு ஒரு வழக்கை ஜெயித்த சந்தோஷம்.

அந்தத் தெருவிலேயே அதிக மதிப்பெண் அவர் மனைவி அம்சவல்லிக்கு. இதில் ஒரு வேதனை இருக்கிறது. உருப்போட்டதில் தெருவிலேயே மிகவும் கஷ்டப்பட்டவளும் அவள்தான். கதை சொல்லிக்கொடுத்துப் பார்த்தார், நிற்கவில்லை. ஆனால் அம்சவல்லி நடவுக் கூட்டத்தில் முன்னால் நின்று பாட்டெடுத்துக் கொடுத்தவள். வார்த்தைகளை அந்த மெட்டில் போட்டுக்கொடுத்ததும் பிடித்துக்கொண்டாள். செவ்வந்தி முன்னால் உட்கார்ந்து உதட்டுக்குள் பாடிக்கொண்டே பத்தையும் கொட்டிவிடுவாள். கிழமையையும் தேதியையும் இராஜாங்கம் பின்னால் நின்று செருமுகிற சாக்கில் எடுத்துக்கொடுப்பார்.

சோதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், அதே அம்சவல்லி உலையில் அரிசி போடாமல் வெறும் தண்ணீரைக் கொதிக்க விட்டு அதன் முன் உட்கார்ந்திருப்பாள். நாலாம் கட்டளை வயலுக்கு நடவுக்குப் போக வேண்டும் என்று சேலையை வரிந்து கட்டுவாள். அந்த வயல் மனைக்கட்டாகி, அதில் மாடி வீடுகள் வந்து பல காலம் ஆகிறது. டவுன் டாக்டரிடம் காட்டினார்; வயசானால் அப்படித்தான் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இந்த வருடம் செவ்வந்தி ஒரு சேதியோடு வந்தாள். ஞாபகம் குறைகிறவர்களை மட்டும் தனியாக எடுத்து, தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய், தலையை ஸ்கேன் செய்து, பெரிய டாக்டர்கள் பார்க்கப்போகிறார்கள். தைராய்டு, இரத்தச் சத்துக் குறைவு போன்றவற்றால் வரும் மறதி என்றால் சரி செய்துவிடலாம். மற்றதாக இருந்தாலும் ஆரம்பத்தில் தெரிந்தால் கொஞ்ச காலம் தள்ளிப்போட வழி உண்டு.

"உங்க வீட்டுக்கு அந்தக் கவலையே இல்லைங்க ஐயா. அம்மாதான் ஃபர்ஸ்ட்டு" என்றாள்.

இராஜாங்கம் சுற்றி வளைத்துத்தான் கேட்டார். "ஒருத்தருக்கு நெனப்பு சரியில்லன்னு எழுதிட்டீங்கன்னு வெச்சுக்கயேன். அவங்க பேருல மனைப்பட்டா இருந்தா என்னாவும்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாதுங்க."

"அப்படித்தான் அன்னிக்கும் சொன்னாங்க."

மனைப்பட்டா அம்சவல்லி பேரில் இருக்கிறது. வாங்குவதற்குள் அவர் உயிர் போய் வந்தது. செவ்வந்தி சொல்வதை நம்ப அவருக்கு ஆசைதான். ஆனால் கண்ணாத்தாளின் கீற்றும் மூங்கிலும் தெருவில் கிடந்ததைப் பார்த்தவர் அவர்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் வெளியே போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்தார். அம்சவல்லி எழுந்து நின்று, தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, "வாங்க. எந்த ஊருங்க? அவரு சங்கத்துக்குப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு. ஒரு வாய் சாப்புட்டு இருங்க" என்றாள். இலையைப் போட்டுச் சோறும் வைத்தாள். இராஜாங்கம் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவிய பிறகு, "வந்துட்டீங்களா, எப்ப வந்தீங்க?" என்றாள். அவருக்குப் பயம் வந்தது. போலீஸ் வண்டியைப் பார்த்தும் வராத பயம். பட்டா போனால் சங்கத்தை வைத்துச் சண்டை போடலாம், இதற்கு யாரை வைத்துச் சண்டை போடுவது என்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் அங்கன்வாடிக்குப் போய், செவ்வந்தி எதிரே இருந்த நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை.

"தெரு முழுக்கவாங்க ஐயா?"

"தெரு முழுக்க."

"எத்தன வருச வேலை தெரியுமா இது?" அவள் குரல் உயரவில்லை. வெளியே போய்ப் போனில் யாரிடமோ வெகுநேரம் பேசிவிட்டுக் கண் சிவந்து திரும்பி வந்தாள். கீழத்தெருவின் கணக்கை அப்படியே தள்ளிவிட்டார்கள். எல்லாரையும் புது வார்த்தைகளோடு, வீடு வீடாகப் போய், முதலிலிருந்து சோதிக்க வேண்டும். அவள் இராஜாங்கத்தை மன்னித்தாளா என்று கேட்டால் இன்னும் இல்லை என்றுதான் சொல்வாள். ஆனாலும் முதலில் யார் வீடு என்று முடிவு செய்தவள் அவள்தான்.

தெருவும் மன்னிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் சாட்சி சொல்லிக் குடுத்துட்டு நீயே பிறழ் சாட்சியா மாறிட்டியே தோழரே" என்றார் வேம்பு. டாக்டர் காரில் வந்து விசாரித்த பெருமை போனதில் அவருக்கு நிஜமாகவே வருத்தம். கொஞ்ச நாள் மதகடிக்கு யாரும் வரவில்லை. பிறகு, போக வேறு இடம் இல்லாததால் வந்தார்கள். கிழமை கேட்பது மறுபடி நடக்கிறது. அதை மட்டும் அவரால் விட முடியவில்லை. வார்த்தை சொல்லிக்கொடுப்பது நின்றுவிட்டது.

செவ்வந்தி இராஜாங்கத்தின் வீட்டுக்கு வந்த அன்று கூடத்தில் பாய் விரித்தார்கள். அம்சவல்லி குளித்து, தலை சீவி, நல்ல சேலை கட்டியிருந்தாள். செவ்வந்தி புது வார்த்தைகளைப் படித்தாள். அம்சவல்லி உதட்டுக்குள் பழைய மெட்டை எடுத்தாள். கதவு, ஆறு, குடை என்று வந்தது. நான்காவதில் நின்றுவிட்டது. செவ்வந்தி எழுதிக்கொண்டாள்.

"பரவால்லம்மா. இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பாப்பம்."

அம்சவல்லி யோசித்தாள். பிறகு மெல்லத் திரும்பிப் பக்கத்தில் இருந்த புருசனைப் பார்த்தாள். அவர் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை முகம் முழுக்க இருந்தது. வெளியாள் முன்னால் அந்த மனிதர் மனைவியைத் தொட்டதை யாரும் பார்த்ததில்லை. இராஜாங்கம் கையை நீட்டி, அவள் மோவாயை இரண்டு விரலால் பிடித்து, முகத்தை மெதுவாகச் செவ்வந்தி பக்கம் திருப்பிவிட்டார்.